பருவுக்கு டாக்சிசைக்ளின்: தொடங்கும் நாளிலேயே முடியும் நாளைக் கேட்டுவிடுங்கள்

முல்தானி மட்டி, எலுமிச்சைச் சாறு, விளம்பரத்தில் வந்த ஃபேஸ்வாஷ் எல்லாம் போட்டு அலுத்த பிறகுதான் நம்மில் பலர் ஸ்கின் டாக்டரிடம் போகிறோம். அவர் காலையில் தடவ ஒரு ஜெல், இரவில் தடவ ஒரு ஜெல், கூடவே டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை என்று எழுதித் தருகிறார். அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. ஜெல் எரிகிறது என்று ஒரே வாரத்தில் மூலையில் போய்விடும். மாத்திரை மட்டும் தொடரும். பரு அடங்கியதும் பழைய அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கி வாங்கி, அரை வருடம், ஒரு வருடம் என்று ஓடும்.

உண்மையில் இந்தச் சீட்டில் நெடுநாள் வேலைக்காரன் ஜெல்தான். மாத்திரை மூன்று மாதத்துக்கு வந்துபோகும் துணை. இதைப் புரிந்துகொண்டால் கீழே சொல்லும் பாதி விஷயங்கள் தானாகவே விளங்கிவிடும்.

மாத்திரை என்ன செய்கிறது

பரு என்பது அழுக்கால் வரும் நோய் இல்லை. தோலின் எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது, மயிர்க்கால் துளை இறந்த செல்களால் அடைபடுகிறது, உள்ளே கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது, உடல் அதை எதிர்க்கும்போது சிவந்து வீங்குகிறது. டாக்சிசைக்ளின் இந்த நான்கில் கடைசி இரண்டில்தான் கை வைக்கிறது: பாக்டீரியாவைக் குறைக்கும், வீக்கத்தையும் தணிக்கும். துளை அடைபடுவதை அது தடுக்காது, எண்ணெய்ச் சுரப்பையும் குறைக்காது. அதனால்தான் மாத்திரையை மட்டும் நம்பியவர்களுக்கு நிறுத்திய சில வாரங்களில் பரு திரும்பி வருகிறது.

இந்த மருந்துக் குடும்பத்தின் பெயர் டெட்ராசைக்ளின். இதன் மூத்த பிள்ளையான ஆரியோமைசின் 1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டது. அப்போது அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் ஊரில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று யோசித்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. டாக்சிசைக்ளின் 1967இல் விற்பனைக்கு வந்தது. அதனால் இது புதுசும் இல்லை, மர்மமும் இல்லை. எப்படிச் சாப்பிட வேண்டும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்த மருந்து.

படி 1: இது மாத்திரை கேட்கும் பருதானா?

கரும்புள்ளி, வெண்புள்ளி, அங்கங்கே ஒன்றிரண்டு சிவப்புப் பரு என்றால் தடவும் மருந்தே போதும். சிவந்த, வலிக்கும், சீழ் கோத்த பருக்கள் முகத்தில் நிறைய இருந்தாலோ, ஜெல் எட்ட முடியாத முதுகிலும் மார்பிலும் பரவியிருந்தாலோதான் மாத்திரைக்கு வேலை. ஆழத்தில் கட்டி கட்டியாக வந்து குழித் தழும்பு விடுகிற வகை வேறு. அதற்கு ஐசோட்ரெட்டினாயின் (கடும் பருவுக்குச் சாப்பிடும், வைட்டமின் ஏ வகை மருந்து) பற்றி டாக்டர் ஆரம்பத்திலேயே பேசலாம். காய்ச்சல், மூட்டு வலியோடு பரு திடீரென்று புண்ணாக வெடித்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பருவைப் போலவே இருந்து ஏமாற்றுபவையும் உண்டு. நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் சின்னச் சின்னப் பொரியாக வந்து அரித்தால், அது பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் வியர்வைக்கும் இது சாதாரணம். இதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் இன்னும் மோசமாகும். இன்னொன்று, நிறம் கூட்டும் என்று நம்பிப் பூசும் கலவை க்ரீம்கள். ட்யூபில் பெட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மோமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் முகம் பளபளக்கும், பிறகு பொரிப் பொரியாக வரும், நிறுத்தினால் சிவந்து எரியும். இதைப் பூசிக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறு நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெண்களுக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது, தாடையில் முடி, தாடை ஓரமாகவே பரு என்றால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹார்மோன் கோளாறை ஆன்டிபயாட்டிக் சரிசெய்யாது.

படி 2: டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்கு முயன்றுகொண்டிருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். டெட்ராசைக்ளின் குடும்பம் வளரும் குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் படியும். பல் நிரந்தரமாகக் கறுத்து மஞ்சளிக்கும். அதே காரணத்தால் 8 வயதுக்குக் கீழே இதைத் தவிர்க்கிறார்கள். பிரிட்டனில் அந்த வரம்பு 12. சீட்டில் கூடவே வரும், துளை அடைபடாமல் தடுக்கும் அடாபலீன் ஜெல்லும் கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். நம் வீடுகளில் அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். டாக்டரிடம் ஒரு நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை, முடிந்தால் அட்டையோடு, எடுத்துப் போங்கள். குறிப்பாக இவை:

- ஐசோட்ரெட்டினாயின், அல்லது அதிக அளவு வைட்டமின் ஏ. டாக்சிசைக்ளினோடு சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடும் ஆபத்து உண்டு. இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடவே கூடாது. தோழியிடம் மிஞ்சிய கேப்சூலை வாங்கிப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இது முக்கியம்.
- வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின். இவை டாக்சிசைக்ளினை உடலில் சீக்கிரம் கரைத்துவிடும். போதாததற்கு ஃபெனிட்டாயினும் காசநோய்க்கான ஐசோநியாசிடும் பரு போன்ற கொப்புளங்களைத் தாமே கிளப்பக்கூடியவை.
- ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின்.
- இரும்புச்சத்து, கால்சியம், துத்தநாக மாத்திரைகள். இவற்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

முன்பு எந்த மருந்துக்காவது உடம்பில் தடிப்பு வந்ததா, கல்லீரல் கோளாறு உண்டா என்பதையும் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், டாக்சிசைக்ளின் அதன் பலனைக் குறைப்பதாக நிரூபணமில்லை. வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால் மட்டும் கருத்தடை மாத்திரை சரியாக உடலில் சேராமல் போகலாம், கவனம்.

படி 3: சீட்டை நீங்களும் ஒருமுறை படியுங்கள்

பருவுக்கு முதல் தேர்வு பெரும்பாலும் டாக்சிசைக்ளின். அமெரிக்கத் தோல் மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் அதைத்தான் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. மினோசைக்ளினும் வேலை செய்யும். ஆனால் தலைசுற்றல், நாளடைவில் தோலில் நீலச் சாம்பல் நிறம் படிதல், அரிதாகக் கல்லீரல் பாதிப்பு, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) போன்ற மூட்டு வலி என்று அதன் பட்டியல் கொஞ்சம் நீளம். அசித்ரோமைசினை வாரத்தில் சில நாள் என்று விட்டுவிட்டு எழுதும் வழக்கம் இங்கே உண்டு. டெட்ராசைக்ளின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது சரி. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் அதை வாங்கும் முன் சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால், டைஃபாய்டுக்கு நாம் நம்பியிருக்கும் மருந்தைப் பருவுக்குச் செலவழிக்காமலிருப்பது நல்லது. அமாக்சிசிலின், செஃபிக்ஸிம், சிப்ரோஃபிளாக்சசின் என்று ஐந்து நாள் கோர்ஸை மெடிக்கலில் தூக்கிக் கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

பிறகு ஜெல்களைப் பாருங்கள். பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன், அசெலாயிக் அமிலம் இவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்க வேண்டும். மாத்திரை மட்டும் எழுதியிருந்தால், “தடவ ஒன்றும் வேண்டாமா டாக்டர்?” என்று கேளுங்கள். பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவை நேரடியாகக் கொல்கிறது, அதற்கு எதிர்ப்புத் தன்மை உருவாவதில்லை. மாத்திரைக்குப் பழகிப்போகும் பாக்டீரியாக்களை அடக்கிவைக்க அதுதான் துணை. மாறாக, தடவும் ஜெல்லில் கிளிண்டாமைசின் இருந்தால் அதுவும் ஆன்டிபயாட்டிக். வாயால் ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் ஊரில் அடாபலீனோடு கிளிண்டாமைசின் கலந்த ட்யூப்கள் நிறைய விற்பதால், தெரியாமலே இப்படி நடந்துவிடுகிறது.

கடைசியாக, கிளம்பும் முன் ஒரு கேள்வி: “எத்தனை வாரம்? மறுபடி எப்போது வரணும்?” பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வழக்கமான பதில் 12 வாரம்.

படி 4: விழுங்குவது ஒரு வேலை

சின்ன விஷயம் என்று தோன்றும், ஆனால் டாக்சிசைக்ளினால் அவதிப்படுகிறவர்களில் பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள். இந்த கேப்சூல் அமிலத்தன்மை உள்ளது. ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயின் நடுவில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும், கரைந்த இடத்தில் புண்ணாகும். மறுநாள் எச்சில் விழுங்கினால்கூட நெஞ்செலும்புக்குப் பின்னால் குத்தும். மாரடைப்போ என்று பயந்து ஓடுகிறவர்களும் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். சாப்பாடு முடித்த பிறகு, நின்றுகொண்டோ நிமிர்ந்து உட்கார்ந்தோ, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், சாயவோ படுக்கவோ வேண்டாம். தூங்கப் போகும் நேரத்தில் நினைவு வந்தால் அன்று விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான நேரத்தில் சாப்பிடுவது மேல். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் குமட்டும், பேருந்தில் போகிறவர்களுக்கு வாந்தியே வந்துவிடும். இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்கட்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். ஈடுகட்ட இரண்டாகப் போடக் கூடாது.

படி 5: பால், இரும்பு, ஆன்டாசிட்

கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் எல்லாம் டாக்சிசைக்ளினைப் பற்றிக்கொண்டு குடலிலேயே நிறுத்திவிடும். ரத்தத்துக்குப் போகும் மருந்து குறையும். பழைய டெட்ராசைக்ளின் அளவுக்குப் பால் இதைக் கெடுப்பதில்லை, ஆனாலும் கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும். அதனால் மாத்திரையைப் பாலோடும் காபியோடும் விழுங்க வேண்டாம். தயிர்ச் சோறு, கேழ்வரகுக் கூழ், ஆர்லிக்ஸ் வகையறா எதையும் விடத் தேவையில்லை. மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள், போதும்.

இரும்புதான் பெரிய எதிரி. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற மாத்திரையில் இருப்பது இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும். பரு வரும் வயதும் அந்த மாத்திரை கொடுக்கும் வயதும் ஒன்று. அதை நிறுத்த வேண்டாம், ரத்தசோகை பருவைவிடப் பெரிய பிரச்சினை. பள்ளியில் மதியம் இரும்பு என்றால் டாக்சிசைக்ளினைக் காலைச் சாப்பாட்டோடு முடித்துவிடலாம். தினசரி இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மாத்திரையால் வயிறு எரிகிறது என்று உடனே ஜெலுசில் குடிப்பது இன்னொரு வழக்கம். அதில் இருப்பதே அலுமினியமும் மெக்னீசியமும்தான். எரிச்சல் தொடர்ந்தால் டாக்டரிடம் கேட்டு வேறு வகை மருந்து வாங்குங்கள். பல அட்டைகளில் டாக்சிசைக்ளினோடு லாக்டிக் ஆசிட் பேசில்லஸ் சேர்ந்தே வருகிறது. அது வயிற்றுக்காகச் சேர்த்தது, பருவுக்கு அதனால் லாபமில்லை.

படி 6: வெயில்

டாக்சிசைக்ளின் தோலை வெயிலுக்குச் சீக்கிரம் சிவக்க வைக்கும். கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பது தப்பு. சிவப்பு தெரியாமல் எரிச்சலும், பிறகு கருமையும் வரும். ஏற்கெனவே பரு விட்ட கரும்புள்ளிகள் இன்னும் கறுக்கும். பைக் ஓட்டுகிறவர்களுக்கு மூக்கும் புறங்கையும்தான் முதலில் எரியும். சிலருக்கு நகம் சதையிலிருந்து விலகி வலிப்பதும் உண்டு. 11 மணி முதல் 3 மணி வரை வெயிலைத் தவிருங்கள், குடையோ முழுக்கைச் சட்டையோ பயன்படுத்துங்கள். எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ள, துளையை அடைக்காத ஜெல் வகை சன்ஸ்கிரீன் போடுங்கள். சுற்றுலா, கோயில் திருவிழா, கிரிக்கெட் போட்டி என்று நாள் முழுக்க வெளியே இருக்கும் திட்டம் இருந்தால் டாக்டரிடம் முன்பே சொன்னால் அதற்கேற்ப மாற்றித் தருவார்.

படி 7: ஜெல்லைச் சகித்துக்கொள்வது

அடாபலீன் இரவுக்கு. முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாக. பரு மேல் மட்டும் புள்ளி வைப்பதில் பயனில்லை, இனி வரப்போகும் பருவையும் தடுப்பதுதான் அதன் வேலை. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உரிதலும் எரிச்சலும் தாங்கும் அளவில் இருக்கும். மேலே மாய்ஸ்சரைசர் போடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதுவும் துளையை அடைக்கும். பென்சாயில் பெராக்சைடில் 2.5 சதவீதமே போதும். அளவைக் கூட்டினால் எரிச்சல்தான் கூடும். அது துணியை வெளுக்கும், ஆகவே வெள்ளைத் தலையணை உறை, வெள்ளைத் துண்டு. பட்டுப் புடவை கட்டும் நாளில் கழுத்தில் தடவிவிட்டுக் கிளம்பாதீர்கள்.

படி 8: எப்போது பொறுக்கலாம், எப்போது ஓட வேண்டும்

லேசான குமட்டல், இளகிய மலம் முதல் வாரத்தில் வந்து அடங்கும். பெண்களுக்கு வெள்ளைப்படுதலும் அரிப்பும் வந்தால் பூஞ்சைத் தொற்று, டாக்டரிடம் சொன்னால் எளிதில் குணமாகும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்:

- விடாத தலைவலியோடு பார்வை மங்குதல், இரட்டையாகத் தெரிதல், வாந்தி, காதுக்குள் நாடித் துடிப்போடு ஒலிக்கும் இரைச்சல்
- விழுங்கும்போது நெஞ்சில் குத்தும் வலி
- தண்ணீராகப் போகும் கடும் வயிற்றுப்போக்கு, அல்லது மலத்தில் ரத்தம். மாத்திரை முடிந்து சில வாரம் கழித்து வந்தாலும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதைச் சொல்லுங்கள்
- கண், தோல் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்துப்போதல்
- காய்ச்சலோடு உடல் முழுக்கத் தடிப்பு, வாயிலும் கண்ணிலும் புண்

முகம், உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள்.

படி 9: காத்திருப்பு

இரண்டாவது வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து ஏமாற வேண்டாம். மாற்றம் தெரியவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், முழுப் பலன் மூன்றாவது மாதத்தில்தான். ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் அதில் தெரியும், டாக்டருக்கும் உதவும்.

“ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தக் கூடாது” என்று கேட்டு வளர்ந்திருக்கிறோம். பருவைப் பொறுத்தவரை அதைக் கொஞ்சம் திருத்திப் படிக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம், மறுபார்வை வரை தொடருங்கள். ஆனால் பரு வராமல் தடுக்க என்று அதை மாதக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம். இழுத்தால் தோலில் மட்டுமில்லை, தொண்டை, குடல் பாக்டீரியாக்களிலும் எதிர்ப்புத் தன்மை வளரும். மழைக்காலத்தில் வரும் எலிக்காய்ச்சலுக்கும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் உயிரையே வாங்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் டாக்டர்கள் எடுப்பது இதே டாக்சிசைக்ளினைத்தான். மாத்திரை அட்டையின் பின்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. மத்திய அரசு 2016இல் இதை மக்களிடம் விளம்பரப்படுத்தியது.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சில மாதம் கழித்து மூக்கையும் வாயையும் சுற்றித் திடீரென்று சீழ்க் கொப்புளங்கள் கிளம்பினால், அது வேறு வகைப் பாக்டீரியா புகுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அளவைக் கூட்டிச் சாப்பிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 10: 12 வாரம் முடிந்ததும்

முகம் தெளிந்திருந்தால் டாக்டர் மாத்திரையை நிறுத்துவார். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஜெல்கள் தொடரும், பல மாதங்கள்கூட. ஓரளவே குறைந்திருந்தால் இன்னும் சில வாரம் நீட்டிக்கலாம், பொதுவாக ஆறு மாதத்தைத் தாண்ட விடுவதில்லை. ஒன்றுமே மாறவில்லை என்றால் வேறு பெயரில் இன்னொரு ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள். ஐசோட்ரெட்டினாயினா, பெண்களுக்கானால் ஹார்மோன் வைத்தியமா என்று கேளுங்கள். ஐசோட்ரெட்டினாயின் என்றால் முதலில் டாக்சிசைக்ளின் நிற்க வேண்டும்.

தனியார் டாக்டருக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதற்காக மெடிக்கலில் நேராக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காலையில் வெளிநோயாளி சீட்டு எடுத்துப் பார்க்கலாம். டாக்சிசைக்ளின் விலை குறைந்த பழைய மருந்து. சீட்டோடு போனால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற இடங்களிலும் கேட்டுப் பார்க்கலாம்.

அட்டையில் நாலைந்து மிஞ்சினால் தம்பி தங்கைக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்தும் வைக்காதீர்கள். காலாவதியான டெட்ராசைக்ளின் சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதித்த நிகழ்வுகள் 1960களிலேயே பதிவாகியிருக்கின்றன. வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, காபித்தூள் சக்கையோடு கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் கொட்ட வேண்டாம்.